வாரியல் சரியான விடைதான், அப்பா

என் பாசமுள்ள அப்பாவுக்கு,

சந்திரனில் ஆள் இறங்கிவிட்டான் என்று தாராவி முழுக்க ஒரே பேச்சாக இருக்கிறது. இருக்கட்டும். அதைவிடப் பெரிய சேதி என்னிடம் இருக்கிறது. உங்கள் மகளின் ஆய்வேடு தேறிவிட்டது. பேச்சு, மொழிக் கோளாறுகளில் முதுகலைப் பட்டம். நம் சந்தில் பாதிப் பேர் நான் மேடையில் பேசப் படித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரி நாள் நினைவிருக்கிறதா? வாதம் வந்து வலது கையும் பேச்சும் போய், சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். டாக்டருக்குத் தமிழ் தெரியாது என்று மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமியை உதவிக்கு அழைத்திருந்தார்கள். மாமி படங்களைக் காட்டினார். துடைப்பத்தைப் பார்த்து நீங்கள் சிரமப்பட்டு "வாரியல்" என்றீர்கள். லுங்கியைப் பார்த்து "சாரம்" என்றீர்கள். பாத்திரத்துக்கு "ஏனம்". பாலக்காட்டுக் குடும்பத்து மாமி இந்தச் சொற்களை இந்தப் பொருளில் கேட்டதே இல்லை. மூன்றுக்கும் தப்பு விழுந்தது.

கடைசியில், கதவருகே நின்ற என்னைக் காட்டிப் பெயர் கேட்டார். "ஏட்டி" என்றீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து அப்பா மகளை வேறு எப்படிக் கூப்பிடுவார்? அம்மா விளக்கப் போனாள். பரிசோதனை நடக்கும்போது வீட்டார் வாய் திறக்கக் கூடாது என்று அவளை அடக்கிவிட்டார்கள். மகள் பெயர்கூடத் தெரியவில்லை, இவருக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்று முடிவு கட்டி உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு கண்ணை மூடும்வரை நீங்கள் பேசவே கூச்சப்பட்டீர்கள். பார்க்க வந்தவர்களும் கையை ஆட்டியே விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் ஆறவே இல்லை, அப்பா. அந்த ஆத்திரத்தில்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

என் ஆய்வு வேறொன்றுமில்லை. வாதத்தால் பேச்சு இழந்தவர் ஒன்றைச் சொன்னால், அது நோய் செய்த பிழையா, அவருடைய ஊர்ச் சொல்லா என்று பிரித்துப் பார்ப்பதுதான். அதே மாதிரிப் படங்களைத் தூக்கிக்கொண்டு நம் சந்தில் நல்ல சுகத்தோடு இருப்பவர்களிடம் போனேன். அதற்கு முன் அந்த மாமியையும் தேடிப் பிடித்தேன். சண்டை போடத்தான் போனேன். அவரோ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு தாராவிக்குக் கிளம்பிவிட்டார். குழாயடியில் நம் பெண்கள் மாற்றி மாற்றி "வாரியல்" என்று சொல்வதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சாரம்னா ரசத்துக்குள்ள இருக்கறதுன்னு நெனச்சேன்டீம்மா. ஒங்கப்பா சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார். பிறகு அதே படங்களைக் காட்டிக் கேட்க மாட்டுங்கா வீடுகளுக்கும் அவரே என்னை அழைத்துப் போனார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் என்னை விடாமல் மடக்கினார். பாடப் புத்தகத்தில் இல்லாத சொல்லை நோயாளி சொன்னால், அது நோய் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். இங்கே தோற்றால் நீங்கள் இரண்டாம் முறையும் தோற்றதாகிவிடும் என்று தோன்றியது.

"அது நோய் என்றால், ஐயா, எங்கள் சந்து முழுவதையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும்" என்றேன். நல்ல சுகத்தோடு இருந்தவர்கள் சொன்னதை எடுத்து வைத்தேன். முதலில் சிரித்தவர் அவர்தான். இனி எங்கள் பேச்சுப் பயிற்சி நிலையத்தில் தமிழருக்கான பரிசோதனையில் துடைப்பமும் சரி, வாரியலும் சரி.

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "அவிய சரியாத்தான் சொன்னாவன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இவங்களுக்கு இப்பம்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை அழுதாள்.

நேற்று சுனாபட்டியிலிருந்து ஒரு பெரியவர் நிலையத்துக்கு வந்தார். உங்களுக்கு வந்த அதே வாதம். அவர் மனைவியைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். லுங்கிப் படத்தைக் காட்டியதும் "சாரம்" என்றார். சரி என்று போட்டேன். திங்கட்கிழமை முதல் அவருக்குப் பயிற்சி. இப்படி ஒரு திங்கட்கிழமை உங்களுக்கும் கிடைத்திருந்தால் என்னென்ன பேசியிருப்பீர்கள், அப்பா?

ஒரு வாக்குத் தருகிறேன். என் முன்னால் உட்காருகிற யாருக்கும், அவருடைய வீட்டாரைக் கேட்காமல் தப்புப் போட மாட்டேன்.

அன்று என் பெயரைக் கேட்டார்கள். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டி