மணலுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தவளைக்கு,

உன் டேப்காரன் எழுதுவது. இங்கே நான், குட்டி, அக்கா மூவரும் நலம். நலம் என்று கை தானாக எழுதிவிட்டது. அந்த வார்த்தையைப் பற்றிக் கீழே கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு அழ உட்காராதே.

உன் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ வராதபோதே, ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வாரம் முழுக்கப் போனைப் பூட்டி வைத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் கொடுக்கிறார்கள், அந்த நேரத்திலும் நீ வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? உங்கள் பயிற்சி முகாம் விடுதிப் பொறுப்பாளர் அம்மாதான் பேசினார். "அவங்க படுத்திருக்காங்க சார், லெட்டர் போட்டிருக்கேன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார். போனைப் பிடித்துக்கொண்டிருந்தது குட்டி. அந்தக் குரலைக் கேட்டதும் "இது வேற அம்மா" என்று என் கையில் திணித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

உன் கடிதத்தை இத்தனை நாளில் மனப்பாடமே செய்துவிட்டேன். முதலில் சந்தோஷப்பட வேண்டியதற்குச் சந்தோஷப்பட்டுவிடுகிறேன், ஏனென்றால் நீ அதைச் செய்யவே இல்லை. குட்டி பிறந்த பிறகு நீ திரும்ப நீளம் தாண்ட ஆரம்பித்த நாளிலிருந்து உன்னைப் படுத்தி எடுத்தது இறக்கம்தானே? ஓட்டம் வந்துவிட்டது, பலகையில் கால் சரியாக விழுந்தது, காற்றிலும் நன்றாகத்தான் போனாய். மணலைப் பார்த்ததும் காலைச் சீக்கிரம் இறக்கிவிடுவாய். விறைத்துப்போய் இறங்குவதால் உட்கார்ந்தபடி பின்னால் சாய்வாய், கையை ஊன்றுவாய். பாதம் எவ்வளவு முன்னால் விழுந்து என்ன பிரயோஜனம்? பின்னால் ஊன்றிய கை எங்கே பட்டதோ அதுவரைக்கும்தானே அளப்பார்கள்.

அந்த இறக்கம் நீ எழுதியிருக்கிற அணித் தேர்வில் உனக்குச் சரியாக வந்திருக்கிறது. உங்கள் கோச் மணலில் கயிற்றைப் போட்டு உன் உயிரை எடுத்ததற்குப் பலன். குதிகால் கயிற்றைத் தாண்டி விழுந்தது, விழுந்த நொடியே முட்டி மடங்கியது, கைகளை வீசிப் பின்னுக்குத் தள்ளியதும் இடுப்பு குதிகால் பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது என்று எழுதியிருக்கிறாய். படிக்கும்போதே நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடுப்பை நகர்த்திப் பார்த்தேன். உன் ஆயுசிலேயே பெரிய தாண்டல் அது. பலகைக்குப் பக்கத்தில், செல்லும் என்று வெள்ளைக்கொடி எழும்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்புறம் நீ எழுந்தாய், திரும்பினாய், மணலுக்குள்ளேயே பின்னால் நடந்துபோய் உன் தடத்துக்குப் பக்கத்தில் குனிந்து கையை நீட்டினாய். சிவப்புக்கொடி. குழியை விட்டு முன்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும், தடத்துக்குப் பின்னால் நடந்தால் தாண்டியது செல்லாது என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா? "அங்க என்னம்மா தேடுன?" என்று கோச் கேட்டாராம், எல்லோரும் சிரித்தார்களாம், உனக்கே பதில் தெரியவில்லையாம்.

எனக்குத் தெரியும். நீ டேப்பின் நுனியைத் தேடினாய்.

நம் தெருக்கோடி மைதானத்தில் நம்மைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? பலகைப் பக்கம் நான் டேப்போடு நிற்பேன். நீ தாண்டி இறங்கியதும் "நுனியப் பிடி, நுனியப் பிடி" என்று கத்துவேன். நீ மணலில் திரும்பி வந்து நுனியைத் தடத்தில் வைத்து அழுத்துவாய், நான் இந்தப் பக்கம் படித்துச் சொல்வேன். குட்டி வயிற்றில் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான், வந்த பிறகும் அப்படித்தான். வேறு எப்படி அளந்திருக்க முடியும்? யாருடைய தப்பு என்று பங்கு பிரிக்க நான் உட்காரவில்லை. உன் காலுக்கு அது பழகிவிட்டது. அவ்வளவு பெரிதாகத் தாண்டிய சந்தோஷத்தில் கால் தன் பழைய வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன் என்று அது நினைத்திருக்கிறது, பாவம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வீட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்த வாசலைத் திறந்து விடுவார்கள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஜன்னலைத் திறந்தாலும் ஓடுபாதை, கதவைத் திறந்தாலும் ஓடுபாதை, மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். கூட இருந்தவர்கள் எல்லாம் தேர்வில் தேறிப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள், காலிக் கட்டில்களுக்கு நடுவில் நீ மட்டும் படுத்திருக்கிறாய். மாதக் கடைசியில் இன்னும் ஒரே ஒரு தேர்வு. அதில் தாண்டினால் அணியில் இடம். அதற்கு முன்னால் கிளம்பிவிட்டால் கதை முடிந்தது, முப்பதை நெருங்குகிற, பிள்ளை பெற்ற ஒருத்தியை இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். இது எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வரச் சொல்கிறாய்.

இப்போது அந்த நலம் என்ற வார்த்தை.

என் வலது கணுக்காலில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பதறாதே, எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்படி என்றால், நம் எதிர்வீட்டுக்காரர் தன் சோபாவைப் பிரித்துக் குஷன் மாற்றித் தரச் சொன்னார். பட்டறைக்குத் தூக்கிப் போவானேன், இரண்டடி தூரம்தானே என்று நம் கூடத்துக்கே இழுத்துவந்து பிரித்தேன். புது ஸ்பாஞ்சைத் தரையில் விரித்திருந்தேன். குட்டி "அம்மா எப்படித் தாண்டும்?" என்று கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சோபாவின் கைப்பிடியில் ஏறி, உன்னை மாதிரியே கையெல்லாம் வீசி, தாண்டிக் காட்டினேன். ஸ்பாஞ்சைத் தாண்டித் தரையில், முட்டியைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு இறங்கினேன். நான் கீழே கிடந்து கத்துகிறேன், உன் மகள் கைதட்டிவிட்டு "இன்னொரு வாட்டி" என்றாள். இறங்கும்போது முட்டியை விட்டுக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் கோச்சுக்கு யாராவது சாட்சி வேண்டுமென்றால் என்னை அழைக்கச் சொல்.

போனில் இதைச் சொல்லாமல் பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். நீ பேசும்போது அக்காவின் குரல் கேட்டதே, அவள் சும்மா வரவில்லை, என்னைப் பார்த்துக்கொள்ள வந்தாள். நான்காவது மாடி, லிஃப்ட்டில் 'பழுது' என்று ஒட்டிய காகிதமே கிழிந்துவிட்டது, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கட்டுப் போட்டு என்னை மேலே தூக்கிக்கொண்டு வந்த பிறகு கீழே இறங்கவே இல்லை. சமையலறை ஜன்னலில் தண்ணீர்த் தொட்டி தெரியும், கூடத்து ஜன்னலில் தெருவில் ஒரு துண்டு தெரியும். யாராவது நடந்து போனால் அந்தத் துண்டைக் கடக்கும் வரைக்கும் பொறாமையோடு பார்க்கிறேன். நின்று செய்கிற வேலை என்னுடையது, உட்கார்ந்தபடி ரெக்ஸினை இழுத்து ஆணி அடிக்க வரவில்லை. பிரித்த சோபா ஸ்பிரிங்கைக் காட்டிக்கொண்டு அப்படியே கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தினமும் எட்டிப் பார்த்து "கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார், கண் மட்டும் சோபா மேல் இருக்கிறது.

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். உன் நாத்தனார் வாய்தான் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், வீட்டையே தூக்கி நிறுத்தியிருக்கிறாள். ஆனால் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, அங்கிருந்து போன் மேல் போன் வருகிறது. "கால் ஒடஞ்சிருக்குன்னு ஒரு வரி எழுதிப் போடு, அடுத்த வண்டியிலேயே வந்து நிப்பா. நீயும் அவள விட்டுட்டு இப்படி முட்டிக்கிட்டு இருக்க, அவளும் அங்க அழுதுக்கிட்டு இருக்கா. யாருக்குடா லாபம்?" என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கால் நன்றாக இருந்திருந்தால் உன் கடிதம் வந்த அன்றைக்கே வண்டி ஏறியிருப்பேன். வாசலில் கையெழுத்துப் போட்டு, உன் பையை வாங்கித் தோளில் மாட்டி, வழியெல்லாம் உனக்கு ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்துக் கூட்டிவந்திருப்பேன். ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டேன். எனக்கு நீ வேண்டும், இந்த வீட்டில் நீ இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை. வாசலில் நின்று உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. வருஷம் போன பிறகு ஒருநாள் நீ மைதானத்தைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாய், அன்றைக்கு என் கையெழுத்து எனக்கு நினைவு வரும். அதை நினைத்தால் இந்த மாவுக்கட்டுக்குக் கும்பிடு போடத் தோன்றுகிறது.

இதுவரை எழுதிவிட்டு நேற்று நிறுத்திவிட்டேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. மீதி இன்று.

காலையில் குட்டி ஸ்பாஞ்சில் தாண்டி விளையாடினாள். என் கால் உடைந்த பிறகு கைப்பிடியில் ஏற அவளுக்கு அனுமதி இல்லை, ஒரு பலகையை வைத்துக் கொடுத்திருக்கிறேன். பலகைக்குப் பக்கத்தில் என் நாற்காலி, என் கையில் இஞ்ச் டேப். தாண்டுவாள், விழுவாள், உடனே திரும்பி என்னை நோக்கி ஸ்பாஞ்சின் மேலேயே தத்தித் தத்தி வந்து டேப்பின் நுனியைக் கேட்பாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதான் வந்துகொண்டிருந்தாய்! "முன்னாடி போகணும்டா குட்டி, இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். "நீ இங்கதானே இருக்க" என்றாள்.

பிள்ளை சொன்னது சரிதானே. நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளை முன்னால் போ என்றால் எப்படிப் போவாள்?

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஸ்பாஞ்சைச் சுற்றி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இஞ்ச் டேப்பை அக்கா கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டேன். குட்டி தாண்டினாள். விழுந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள், எதிரில் நான். எழுந்து நேராக நடந்து வந்து என் மடியில் விழுந்தாள். கட்டின் மேல்தான் விழுந்தாள், உயிர் போய் உயிர் வந்தது, ஆனாலும் விடவில்லை. அக்கா டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அதைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்தே, "லெட்டர் எழுதி முடிச்சியா? மாசக் கடைசி வரைக்கும் நான் எங்கயும் போகலன்னு அதுலயே சேத்து எழுதிடு. அப்புறம் இறங்கறப்ப கைய ஊனிடப் போறா, அதயும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ கையெழுத்துக் கேட்டாய். இந்தக் கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறேன். வாசலில் காட்டினால் விடமாட்டார்கள், அதற்காகத்தான் இங்கே போடுகிறேன். இதையெல்லாம் படித்த பிறகும் இருக்கவே முடியாது என்றால் மறுபடி எழுது, அக்காவையாவது அனுப்புகிறேன், உன்னை அடைத்து வைக்க நான் யார்? ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொல்கிற மாதிரி செய்துபார்.

மாதக் கடைசியில் நீ ஓடத் தொடங்கும்போது நான் பலகைப் பக்கம் இருக்க மாட்டேன். அங்கே என்னைத் தேடாதே, டேப்பை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். உடம்பு இந்த நான்காவது மாடியில் கிடந்தாலும், மணலுக்கு அந்தப் பக்கம், குழி முடிகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மடியில் குட்டி இருப்பாள். காலை நீட்டு, குதிகாலை முன்னால் போடு, முட்டியை விட்டுக்கொடு, எழுந்ததும் தலையைத் தூக்கு.

அப்படியே நேராக எங்களிடம் நடந்து வந்துவிடம்மா.

இப்படிக்கு,
உன் டேப்காரன்