கேசட்டில் மிச்சமிருந்த குரல்

அக்டோபர் 15, ஞாயிறு
விடாத மழை. முத்துப்பேட்டைத் தெருவெல்லாம் சேறு. நாள் தள்ளி மூன்று வாரம். டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். "மூணு மாசம் முடியட்டும், ஜரீனா. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் மச்சானைப் பெற்ற மாமி. கட்டின மச்சானுக்குமா? மறைக்க முடியாது. எதிர்வீட்டு பஷீர் அண்ணன் அடுத்த ஞாயிறு துபாய் கிளம்புகிறார். கேசட்டில் பேசிக் கொடுத்தால் மச்சான் கையில் சேர்த்துவிடுவார்.
வாங்க: பேட்டரி 4, எலுமிச்சை, ரஸ்க்.

அக். 16, திங்கள்
பீரோவில் கிடந்த, பெயர் எழுதாத கேசட். ஐந்து நிமிடம் பேசினேன். சரியாகப் பதிந்ததா என்று போட்டுக் கேட்டேன். என் பேச்சு முடிந்தது. ஒரு 'டக்'. மறுபடி என் குரல்: "மச்சான், காலையிலேருந்து வாயில இரும்ப நக்குன மாதிரி இருக்கு."
நான் இப்படிப் பேசவே இல்லையே!
அப்புறம்தான் உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தியது. மச்சான் போன மாதம் வந்துபோனதற்கு முந்தின லீவு முடிந்த கையோடு உண்டானது. தினம் கொஞ்சம் பேசி வைத்தேன். எட்டாவது வாரம் கலைந்துபோனது. கேசட்டை அனுப்பவில்லை. எங்கே போட்டேன் என்றுகூட மறந்துவிட்டேன், அறிவு கெட்டவள்.

அக். 17, செவ்வாய்
வாயில் இரும்பு ருசி. இரண்டு தடவை பல் தேய்த்தும் போகவில்லை.
நர்ஸிடம் கேட்டேன். "எல்லாருக்கும் வர்றதுதாம்மா. குமட்டும், தூக்கமா வரும், வாய் கசக்கும். பயப்படாதீங்க." சரி.
சாயங்காலம் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டேன். "கொல்லைக் கதவுகிட்ட சாம்பல் பூன ஒண்ணு. என் வயித்தையே பாக்குது."

அக். 18, புதன்
துணி காயப்போடப் போனேன். கொல்லைக் கதவோரம் சாம்பல் பூனை. விரட்டினேன். அசையவில்லை. இதுவும் எல்லாருக்கும் வருமா, நர்ஸம்மா?
இனி அந்தக் கேசட்டைத் தொடமாட்டேன்.

அக். 19, வியாழன்
தொட்டேன். கடைசிப் பேச்சு: "வெள்ளிக்கிழம. மழ விட்டுருச்சு. இடுப்பு லேசா இழுக்குது." பின்னால் மாமியின் குரல்: "ஜரீனா, கஞ்சி ஆறுது, வா." நான்: "கூப்பிடுறாங்க மச்சான். மீதிய நாளைக்குச் சொல்றேன்."
அவ்வளவுதான். மறுநாள்தான் ரத்தம் பட்டது. பயமாக இருக்கிறது. நாளை வெள்ளி.

அக். 20, வெள்ளி
மழை விட்டிருக்கிறது. இடுப்பு இழுக்கிறது.
படுத்தே கிடந்தேன். மத்தியானம் காதைப் பொத்திக்கொண்டேன். அப்படியும் கேட்டது: "ஜரீனா, கஞ்சி ஆறுது, வா."
யா அல்லாஹ், இந்தப் பிள்ளையையாவது எனக்குக் கொடு.

அக். 21, சனி
விடிந்ததிலிருந்து ஏழு தடவை பாத்ரூம். துணி சுத்தம். மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு: சுத்தம். சாயங்காலம் அஸர் பாங்கு: சுத்தம். பூனையைக் காணோம்.
"என்னம்மா, இத்தன தடவ?" மாமி. கேசட், பூனை, எல்லாம் கொட்டிவிட்டேன். மாமி டேப்பைத் தூக்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பஷீர் அண்ணன் காலையில் கிளம்பிவிடுவார்.
ஓடவிட்டேன். "மீதிய நாளைக்குச் சொல்றேன்." அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.
பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
"மச்சான், விட்ட மீதியச் சொல்றேன், கேளுங்க."