மூலையில் இரண்டெழுத்து

ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். தங்கையின் கணவர் என்பதால், வயதில் சிறியவரான உங்களை 'நீங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. அந்த மரியாதை என் வளர்ப்புக்கு, உங்களுக்கல்ல.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி ஸ்லைடுகள் எங்கள் கிளைக்கு வந்தன. தலைப்பு நிற்கும் இடம், எழுத்தின் அளவு, படத்துக்கு விட்ட ஓரம், எல்லாம் நான் செய்த டெம்ப்ளேட். வலது கீழ் மூலையில் என் பெயரைக் குறிக்கும் இரண்டெழுத்தைச் சாம்பல் நிறத்தில் வைத்திருந்தேன். அதன்மேல் வெள்ளைப் பெட்டியை ஒட்டி மறைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும், தனித்தனியாக. பார்த்துச் சிரித்தேன். ஏன் என்று சொல்ல மாட்டேன்.

"இது நானே யோசிச்சு செஞ்சதுங்க, மச்சான் டைப் அடிச்சுக் குடுத்தாரு" என்று இயக்குநர்களிடம் சொன்னீர்களாம். அதற்கு உங்களுக்குக் கிடைத்தது பிரிவுத் தலைவர் நாற்காலி. எனக்குக் கிடைத்தது கழிவறைக் கதவை ஒட்டிய இந்த மேசை. அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 12

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் கடிதத்தைப் படித்து இருவரும் வருத்தப்பட்டோம். குடும்பத்துக்குள் உன்னது என்னது என்று பார்க்கலாமா? சமயம் வரும்போது நானே மேலிடத்தில் பேசுகிறேன்.

ஒரு சின்ன சந்தேகம். நிறுவனம் பின்னணியை மாற்றச் சொல்லிவிட்டது. நீலத்தில் தொடங்கிக் கருப்பில் மங்கும் படம் ஒன்றைப் போட்டேன். இப்போது வெள்ளைப் பெட்டி பல்லிளிக்கிறது. வேறு எந்த நிறத்தில் வைத்தாலும் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரிகிறது. பெட்டியை எடுத்தால் உங்கள் எழுத்து. கிளிக் செய்தால் பிடிபட மாட்டேன் என்கிறது. மாதக் கடைசியில் இயக்குநர்கள் கூட்டம். அது என்ன எழுத்து என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நீக்கும் வழியை உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மாப்பிள்ளை


ஜூன் 17

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கூட்டத்தில் நீங்கள் திருதிருவென்று விழிக்கட்டும் என்று.

நேற்று தங்கை போன் செய்தாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த பேச்சு என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவளுடைய பேச்சேதான். "ரெண்டெழுத்துதானேண்ணா. போனாப் போகுது. அவரு எவ்வளவு கஷ்டப்பட்டு மேல வந்திருக்காரு." அந்த டெம்ப்ளேட்டை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் செய்தேன். தட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தவளே அவள்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். 'வியூ' மெனுவில் 'ஸ்லைடு மாஸ்டர்' என்று இருக்கும். திறந்தால் இடப்பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பெரிய ஸ்லைடு. அதில் வைத்தது எல்லா ஸ்லைடிலும் தெரியும். ஆனால் மற்ற ஸ்லைடுகளில் நின்றுகொண்டு அதைத் தொட முடியாது. அங்கே போய் என் எழுத்தைக் கிளிக் செய்து டெலீட் அழுத்துங்கள். ஒரே அழுத்தில் எல்லா இடத்திலிருந்தும் நான் போய்விடுவேன்.

இயக்குநர்களுக்கு எழுத மாட்டேன். இனி உங்கள் வீட்டுப் படியும் ஏற மாட்டேன்.

அடியில் 'இப்படிக்கு' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் என்று போடக் கை வரவில்லை. அண்ணன் என்று போட்டால், இன்னும் அப்படியேதான் இருக்கிறேன் என்று அவள் நம்புவாள். 'இப்படிக்கு'வை அடித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.