பையோடு இருந்த மச்சாளுக்கு

மச்சாள்,

உம்முடைய பச்சைத் தோள்பை என் சமையலறைக் கதிரையில் கிடக்கிறது. சற்று முன்தான் திறந்தேன். வெயிலுக்குப் பூசுகிற கிறீமின் மணம் குப்பென்று வந்தது. வெளியே மொன்றியல் பனி முழங்கால் உயரம், பைக்குள் இன்னும் புளோரிடா வெயில். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

பையைத் தந்தது அண்ணைதான். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் நீர் செத்து ஒரு வருஷம் முடிந்த ஆட்டைத் திவசம். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அண்ணை தொண்டையைச் செருமினார். "அவளின்ர ஞாபகமா எல்லாருமா இன்னொருக்கா புளோரிடாவுக்குப் போவம். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு விருப்பம்." சொல்லிவிட்டு அறைக்குள் போய், இந்தப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இனி நீதான் இதைப் பாக்கோணும்."

விருப்பமாம்! உமக்கு அங்கே எதில் விருப்பம் என்று அவருக்கு என்ன தெரியும்? வீடு நிறைய ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பையோடு மெற்றோ ஏறினேன்.

எனக்குத் தெரியும். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பிறகு அண்ணையைக் கட்டி எனக்கு மச்சாளாக வந்தவர் நீர். நாங்கள் இரண்டு குடும்பமுமாகப் போன அந்தப் புளோரிடாப் பயணத்துக்கு முந்திய குளிர்காலம் முழுக்க, சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலைக்குப் போகிற பஸ்ஸில் போனும் கையுமாகவே இருந்தீர். கேளிக்கைப் பூங்காவே கதி என்று கிடக்கிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தீர். அவர்களுக்கென்று ஒரு தனிப் பாஷை. முதலில் ஒரு மண்ணும் விளங்கவில்லை என்று எனக்குப் போன் எடுத்துப் புலம்பினீர். கொஞ்ச நாளில் எனக்கே வகுப்பெடுத்தீர். 'ரோப் ட்ரொப்' என்றால் பூங்காக் கதவு திறக்க முன்னமே போய், மறித்துக் கட்டின கயிற்றடியில் நிற்பது. "கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில நிண்டு வளந்த எங்களுக்கு உதுக்கு ஒரு பேர் வைச்சுப் படிப்பிக்கினம், பாரும்," என்று சிரித்தீர். 'பார்க் ஹொப்பர்' என்றால் ஒரே நாளில் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ விடுகிற டிக்கெட்.

உமக்கு மிகவும் பிடித்தது 'ரைடர் சுவிச்'. சின்னப் பிள்ளைக்கு ராட்டினம் மாதிரி ஒரு ரைட்டில் ஏற உயரம் காணாவிட்டால், ஒருவர் பிள்ளையோடு கீழே நிற்பார். மற்றவர்கள் இறங்கி வந்ததும், நின்றவர் வரிசையில் காத்திராமல் நேரே போய் ஏறலாம். "கீழ நிண்டவைக்கும் ஒரு முறை இருக்கெண்டு வெள்ளைக்காரன் சட்டம் வைச்சிருக்கிறான்," என்றீர். அப்படி என்ன ஆசை என்று கேட்டேன். பெரிய ரைட் ஒன்றின் வீடியோவைக் காட்டினீர். "உச்சியில ஒரு கணம் நிக்குமாம். அதில நான் கத்தோணும். வீட்டில கத்தேலாது, வேலையில கத்தேலாது. அங்க எல்லாரும் கத்துவினம், ஒருத்தரும் ஏனெண்டு கேக்காயினம்."

போய் இறங்கினோம். மறுநாள் விடிய அண்ணைக்குப் புட்டு வேண்டும். பூங்காச் சாப்பாடு வாயில் வைக்கேலாதாம். வாடகை வீட்டு அடுப்பில் நீர் எல்லோருக்கும் புட்டு அவித்து, சம்பல் அரைத்து, பொதி கட்டி இந்தப் பைக்குள் அடுக்கி முடிக்க, அங்கே கயிறு எப்போதோ அவிழ்த்தாயிற்று. மத்தியானம்தான் அந்தப் பெரிய ரைட்டடிக்கு வந்தோம். என் சின்னவனுக்கு உயரம் காணவில்லை. வாசலில் நின்ற பெண்ணிடம் நீரே ஆங்கிலத்தில் கதைத்து ரைடர் சுவிச்சுக்கு ஒழுங்கு செய்தீர். உமக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்கள் ஏறிட்டு வாங்கோ, நான் பையோட இருக்கிறன்."

நாங்கள் ஏறினோம், கத்தினோம், இறங்கினோம். வந்ததும் வராததுமாக அண்ணை, "புட்டு எங்க?" என்றார். சாப்பிட்டு முடிய நான்தான் சொன்னேன், "அண்ணை, இப்ப மச்சாளின்ர முறை." அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "அவவுக்கு உதெல்லாம் ஒத்துவராது, தலை சுத்தும்." நடக்கத் தொடங்கிவிட்டார். உம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மறுபடி வாயைத் திறக்க, நீர் என் கையைக் கிள்ளினீர். "விடும். பேந்து பாப்பம்."

எப்போது பார்த்தீர்? அடுத்த மாசியில் வேலையிடத்தில் தலையிடி என்று கதிரையில் இருந்தவர், எழும்பவேயில்லை. அண்ணையில் எனக்குக் கோபம்தான். ஆனால் உம்மில் அதைவிடக் கோபம். ஊர் பேர் தெரியாதவர்களின் பாஷையெல்லாம் பாடமாக்கினீர். வாசலில் நின்ற அந்நியப் பெண்ணிடம் உரிமையோடு கேட்டீர். சொந்தப் புருஷனிடம் "நில்லுங்கோ, நான் ஏறிட்டு வாறன்" என்று சொல்ல உமக்கு என்ன கேடு? கேட்க வந்த என்னையும் ஏன் கிள்ளினீர்?

இன்று அந்த மணம் மூக்கில் ஏறியதும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ரைடர் சுவிச் எண்டா என்னெண்டு தெரியுமோ, அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்? உதெல்லாம் அவளின்ர வேலை."

விளக்கிச் சொன்னேன். நீர் உச்சியில் நின்று கத்த ஆசைப்பட்டதையும் சொன்னேன். "அவள் என்னட்ட ஒருக்காலும் கேக்கேல்லையே," என்றார்.

"நான் கேட்டனான். நீங்கள் எழும்பி நடந்தனீங்கள்."

"இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"புட்டை நீங்களே அவியுங்கோ. பையோடயும் நீங்களே இருங்கோ. அப்பிடியெண்டா நான் வாறன்."

அண்ணை போனை வைத்துவிட்டார். நாளைக்கு வேலை முடிந்து வரும் வழியில் இந்தப் பையை அவருடைய மடியிலேயே வைத்துவிட்டு வரப்போகிறேன்.

போனால், முதல் தரம் நான் எனக்காக ஏறுவேன். இறங்கி வந்து மறுபடி ஏறுவேன், அது உம்முடைய முறை. உச்சியில் நிற்கிற அந்தக் கணத்தில் நான் கத்துகிற கத்தலில், கீழே மர வாங்கில் பையோடு குந்தியிருக்கிற அண்ணை நிமிர்ந்து பார்க்க வேண்டும். இந்த முறை என் கையைக் கிள்ள நீர் பக்கத்தில் இருக்கமாட்டீர்.