ருசி பார்த்தவன் நான்தான்

அலாமிட்டோ, நியூ மெக்சிகோ
ஆகஸ்ட் 21

என் அன்பு மகள் டெல்ஃபினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அலாஸ்காவின் மழையும் குளிரும் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அதனால் நடமாடிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். ஏப்ரலில் விழுந்த உறைபனியில் சர்க்கரை பாதாமி மரம் இந்த வருடமும் காய்க்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் முறை நமக்குச் செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டது, வாய்க்காலின் மேற்புறத்து வீட்டுக்காரர்கள் வழக்கம்போல மடையை அடைக்க மறந்துபோகிறார்கள், நானும் வழக்கம்போல போய்ச் சத்தம் போட்டுவிட்டு வருகிறேன். நீ அனுப்பிய புகைபோட்ட மீன் வந்து சேர்ந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதுவும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

நம் கோயில் திருவிழா அன்று மாலை நீ போன் செய்தபோது அம்மா என்ன சொன்னாள், இந்த வருஷம் குழம்புல என் கை தவறிப்போச்சு கண்ணு, வயசாயிடுச்சு என்றாள் அல்லவா, நீயும் பரவாயில்லை அம்மா, இத்தனை வருடம் செய்தாய், ஓய்வெடு என்று ஆறுதல் சொன்னாய். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் கை தவறவே இல்லை, டெல்ஃபினா. மிளகாயைக் கருக்கியவன் நான். கருகிய குழம்பை ருசி பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னவனும் நான். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது, சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நிற்கக்கூடப் பிடிக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எனக்குக் கொரோனா வந்து போனதே, அப்போது வாசனையும் ருசியும் போய்விட்டது, மூன்று மாதத்தில் திரும்ப வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். திரும்ப வந்தது உண்மை, ஆனால் கோணல்மாணலாக வந்தது. காப்பியைத் திறந்தால் சாக்கடை. வெங்காயம் வதங்கினால் நாலு நாள் கழற்றாத காலுறை. பூண்டு, கறி, எல்லாவற்றையும் விட மோசம் நம் சிவப்பு மிளகாய், அடுப்பில் அது சூடேறினால் எனக்கு டயர் எரிகிற நாற்றம்தான் வருகிறது. கிளினிக்கில் காட்டினேன், நரம்பு மறுபடி முளைக்கும்போது வழி மாறி முளைக்கிறது, சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, வாரத்தில் நான்கு நாள் அந்த வீட்டில் மிளகாய் கொதிக்கிறது, அவள் முகமே அந்தப் பானைக்கு மேலேதான் இருக்கிறது. பிரமாதம் என்று சொல்லிச் சொல்லி விழுங்கிவிட்டு, ஆட்டைப் பார்த்து வருகிறேன் என்று கொட்டகைக்குப் போய்க் குமட்டிவிட்டு வருவேன். உன் மீனை நான் ஆற்றோரம் புதைத்தேன், மன்னித்துக்கொள், நாய்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது.

ஃப்ரிட்டோ பையை நான் எப்படித் தின்பேன் என்று உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நான் வந்ததில் பாதி உனக்காக, பாதி அந்தப் பாக்கெட்டுக்காக. சோளச் சிப்ஸ் பாக்கெட்டின் விலாவைக் கத்தரித்து, அதற்குள்ளேயே குழம்பை ஊற்றி, சீஸும் பச்சை வெங்காயமும் தூவி, கரண்டியைச் செருகித் தந்தால், உள்ளங்கை சுடச்சுட நின்றபடியே ஊதி ஊதித் தின்பேன், மேலே பாதி மொறுமொறுப்பு, அடியில் ஊறிப்போன பாதி, அந்த ஊறிய பாதிக்காகத்தான் பாக்கெட்டை அண்ணாந்து வாயில் கவிழ்ப்பேன். இப்போது அதே பாக்கெட்டைப் பார்த்தால், ஈரத்தில் நொந்துபோன அட்டைத் துண்டுகள், மேலே ஆரஞ்சு நிறத்தில் மிதக்கிற கொழுப்பு, கரண்டியோடு நூல் நூலாக வருகிற சீஸ், இதுதான் தெரிகிறது. வாயில் வைத்தால் வழவழப்பும் மணல்போன்ற நெறுநெறுப்பும் தவிர ஒன்றும் கிடையாது, பின்னால் அந்த டயர். பிடித்த ஒன்று இப்படி ஆகும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அம்மா ஏன் தானே ருசி பார்க்கவில்லை என்று நீ கேட்பாய். அது உனக்காக வைத்த விரதம். நீ ஏழு வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு கையளவுதான் இருந்தாய், அப்போது அவள் நெருப்பில் வாட்டிக் கொல்லப்பட்ட நம் கோயில் புனிதர் சான் லொரென்சோவிடம் வேண்டிக்கொண்டாள், திருவிழாவுக்கு முந்தைய நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பும்வரை ஒரு கரண்டிகூட நாக்கில் வைப்பதில்லை என்று. முப்பத்து மூன்று வருடமாகத் திருவிழாவில் இருநூறு பேருக்கு ஃப்ரிட்டோ பைக் குழம்பு சமைக்கிறாள், ஒருமுறைகூட நாக்கில் தொட்டதில்லை. காலையில் அவளும் மற்றப் பெண்களும் கோயிலில் சிலைக்கு உடுத்தி அலங்கரிக்கும் நேரத்தில், கோயில் ஹாலின் சமையலறையில் மிளகாயை வறுப்பதும் குழம்பை ருசி பார்ப்பதும் என் வேலை. வறுப்பதற்குக் கணக்கு கிடையாது, மூக்குதான் கணக்கு. வாடை மாறுகிற அந்த நொடியில் அடுப்புக்குள்ளிருந்து தட்டை வெளியே இழுக்க வேண்டும், அதற்கு மேல் கால் நிமிடம் போனாலும் கசப்பு ஏறிவிடும், பிறகு என்ன போட்டாலும் இறங்காது. என் மூக்குக்கு எல்லாமே டயர், அதனால் போன வருடம்போலவே கடிகாரத்தைப் பார்த்து வறுத்தேன். இந்த வருடம் ஹாலில் புது அடுப்பு. பழையதைவிட அது எவ்வளவு சூடு என்று எனக்கு எப்படித் தெரியும், மிளகாய் கறுத்திருந்ததையும் பார்த்தேன், இந்த வருடத்துக் காய் கொஞ்சம் கறுப்பு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா நடுவில் ஓடிவந்து குழம்பைக் கூட்டிவைத்துவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்ததால் அவளுக்கும் வாடை தெரியாமல், பாத்தியா எலிசெயோ, எப்படி இருக்கு என்று கேட்டாள். கரண்டியை வாயில் வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு, எப்பவும்போல அமிர்தம் என்றேன்.

ஊர்வலம் திரும்பியதும், பாக்கெட் கொடுக்கும் ஹால் ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. முதல் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போன மரவேலைக்காரர் கசிமிரோ ஒரு வாய் தின்றுவிட்டு அப்படியே நின்றார். வருடத்துக்கு மூன்று பாக்கெட் தின்கிற மனிதர். திரும்பி வந்து அம்மாவிடம், என்ன எதுவிஹென், சான் லொரென்சோவ ஒருதடவ நெருப்புல வாட்டினது போதாதா, மறுபடியும் வறுத்துட்டியா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் முகத்துக்கு நேரே திருப்பித் தரவில்லை, ஆனால் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன், ஒரே ஒரு வாய் தின்ற பாக்கெட்டுகள் கரண்டி செருகியபடியே கழுத்துவரை நிறைந்து, சிவப்பாக வழிந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அம்மா அப்போதுதான் விரதம் முடித்து ஒரு கரண்டி வாயில் வைத்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, நல்லா இருந்துச்சா என்று மட்டும் கேட்டாள். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். அந்த ஜன்னலில் அத்தனை பேர் முன்னால் இன்னொரு பொய். அவள் வெளியே தலையை நீட்டி, மன்னிச்சுக்கோங்க, என் கைதான் தவறிப்போச்சு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மறுநாளே பாதிரியாரிடம் போய், அடுத்த வருடத்திலிருந்து ஜன்னலை ஃப்ளோரிபெல் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஃப்ளோரிபெல்லை உனக்குத் தெரியும், டின்னைத் திறந்து கொட்டுகிறவள், அதில் தக்காளி வேறு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹாலில் காப்பி கொடுக்கும்போது பாதிரியார் அதை அறிவித்தார், எல்லோரும் அம்மாவுக்குக் கை தட்டினார்கள். இழவு வீட்டில் இருப்பதுபோல மெதுவாகத் தட்டினார்கள். எனக்கு அந்தச் சாக்கடைக் காப்பியின் நாற்றமும் அந்தக் கைத்தட்டலும் சேர்ந்து தாங்கவில்லை. எழுந்து, மிளகாயைக் கருக்கினது நான், ருசி பார்த்துப் பொய் சொன்னதும் நான், எனக்கு ரெண்டு வருஷமா எந்தச் சாப்பாட்டைப் பாத்தாலும் குமட்டுது, எதுவிஹென் மேல ஒரு தப்பும் இல்ல என்று சொன்னேன். கசிமிரோ, அடப்பாவி, போன கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுப் பன்றிக்கறிய விரலை நக்கி நக்கித் தின்னியே, அதுவும் நடிப்பா என்றார். ஆமாம் என்றேன். ஃப்ளோரிபெல், அப்ப எனக்கு ஜன்னல் வேண்டாம்ப்பா, நான் கேக்கவே இல்ல என்று உடனே ஒதுங்கிவிட்டாள், அவள் நல்லவள்தான், டின்னைத் தவிர. அம்மா எழுந்து வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆறு நாள் பேசவில்லை. சமைத்தாள், தட்டை என் முன்னால் வைத்தாள், நான் தின்கிறேனா என்றுகூடப் பார்க்கவில்லை. கருகிய மிளகாய்க்காக இத்தனை கோபமா என்று நினைத்தேன், முட்டாள் நான். சனிக்கிழமை காலை அடுப்பில் ஒரு தட்டு மிளகாயை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கொட்டகைக்கு ஓடாத, இங்க நில்லு, என்ன வாடை வருதுன்னு உள்ளது உள்ளபடி சொல்லு என்றாள். எரிஞ்ச டயரு, அதுக்கடியில செத்த எலி என்றேன். வெங்காயத்தை நறுக்கி மூக்குக்கு நேரே நீட்டினாள். காலுறை என்றேன். யாரோட காலுறை என்றாள். கசிமிரோவோடது என்றேன், அவளுக்கு உதடு கொஞ்சம் கோணியது. அடுத்த வருஷம் வறுக்கறது நான், விடியறதுக்கு முன்ன வறுத்து வெச்சுட்டுத்தான் கோயிலுக்குப் போவேன், நீ தண்ணி தூக்கு போதும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள், மேசையைப் பார்த்துக்கொண்டு, அப்ப நான் என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. ரெண்டு வருஷமா முதுகுவலின்னு சோபாவுல படுக்கறியே எலிசெயோ, நான் கிட்ட வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறியே, நான் கிழடாயிட்டேன், உனக்கு என்னைப் பாக்கவே அருவருப்பாயிடுச்சு போலன்னு நெனச்சுட்டிருந்தேன், அதக் கேக்க வாய் வராமத்தான் இருந்தேன் என்றாள். மகளிடம் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் நீ முழுக்கதையைத் தெரிந்துகொள்ள மாட்டாய். உன் அம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்து இரண்டு வருடம் அப்படி நினைத்திருக்கிறாள், நானோ குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றிலாவது பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு, மிளகாய் வாடை ஏறின உன் கையும் தலைமுடியும் எனக்கு அதே டயர்தான் எதுவிஹென், அதான் தள்ளிப் படுத்தேன், வேற எதுக்கும் இல்ல என்றேன்.

அழவில்லை. எழுந்து ஏப்ரனைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டாள். தலையை ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொண்டாள். தொட்டியடியில் நின்று, சமையல் சோடாவைக் கையில் கொட்டி, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்து, வெகுநேரம் கழுவினாள், சோப்புகூடப் போடவில்லை. துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்று, புறங்கையை என் மூக்குக்குக் கீழே வைத்து, இப்ப என்றாள். ஒண்ணுமே தெரியல, பச்சத்தண்ணி மாதிரி இருக்கு என்றேன். அது போதும் என்றாள். கையை எடுக்கவில்லை.

நீ கவலைப்படாதே. போன் செய்யும்போது அப்பா சாப்பிட்டாயா என்று கேட்காதே, என்ன நாற்றம் அடித்தது என்று கேள், உண்மையைச் சொல்கிறேன். அம்மாவிடம் கை தவறியதைப் பற்றி இனி ஆறுதல் சொல்லாதே, திட்டுவாள். வாடை தெரியாமல் போனால், உடம்புக்கு முடியாமல் போனால், யாரிடமாவது உடனே சொல், என்னைப்போல ஒளித்து வைக்காதே. குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. சான் லொரென்சோவும் எல்லாப் புனிதர்களும் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். எங்கள் இருவரின் ஆசியும் முத்தங்களும் உனக்கு எப்போதும் உண்டு.

உன் அப்பா,
எலிசெயோ