மருந்தடிக்காத காப்பிக்கொட்டை

“தண்ணி மாதிரி இருக்கு ஹில்டா, இதுக்கா ஆர்கானிக்னு—”

“மருந்தடிக்காத கொட்டைங்க, கொஞ்சம் முழுசாக் கேட்டா—”

“கேட்டா டிகாஷன் கெட்டியாயிடுமா?”

காலையில் இப்படி ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்ததில், சொல்ல வந்ததை நான் சொல்லவே இல்லை. நீங்கள் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்து மறுபடி பேசத் தெம்பில்லை. எழுதிவைத்துவிட்டு பம்மல் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. தண்ணீர்க்காரர் வருவார், காலி கேனை வெளியே வையுங்கள். எங்காவது கிளம்பினால் சாவியை எதிர்வீட்டு சுஜியிடம் கொடுங்கள்.

நம் பையன் மெர்வின் ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த கொட்டையை இனி மாற்ற வேண்டாம். அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்தே அடிப்பதில்லையாம். பறிக்கிற பெண்களுக்குக் கையரிப்பும் இல்லையாம். எனக்கும் இதைக் குடிக்க ஆரம்பித்த பிறகு நெஞ்செரிச்சல் இல்லை. மருந்து இல்லாததாலா, சிக்கரி இல்லாததாலா, தெரியாது. படுத்தால் தூக்கம் வருகிறது, அது போதும்.

ஃபில்டரில் இருப்பதில் பாதி எனக்கு. வந்து குடிப்பேன். முழுவதும் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

பி.கு.: “பழைய பொடியில ரெண்டாவது டிகாஷனும் இறங்கும், இதுல அது இல்லையே” என்றீர்கள். உண்மைதான். கெட்டியான முதல் டிகாஷன் உங்களுக்கு, அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியது எனக்கு என்று இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன். அதற்குள் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

“ஏங்க, அந்த ரெண்டாவது டிகாஷனை ஒரு நாளாவது நீங்க குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?”