கட் என்ற சொல்லும் சரோஜாவின் கால்விரலும்

ஐப்பசி, செவ்வாய். தூறல்.
எழுத்து வரிசையை விட்டு இறங்குகிறது, பொறுத்துக்கொள்ளவும். மண்வெட்டி பிடித்த கை. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் சந்தோஷம்; இந்த வயதில் என் பெயரை நானே எழுதுகிறேன்.
முதியோர் வகுப்பில் மல்லிகா டீச்சர் கொடுத்த வேலை: தினமும் வாயில் வரும் இங்கிலீஷ் வினைச்சொல் ஒன்று, அதை எதற்கெல்லாம் சொல்கிறோம் என்று எழுதவேண்டும். நான் எடுத்தது ‘கட்’.
கரண்ட் கட். போன் கட். பேரன் ஸ்கூலைக் கட் அடிப்பது. வாய்க்காலில் தண்ணீர் கட். சம்பந்தியோடு பேச்சு கட். கட்சிக்காரர் கட்அவுட். கூடப் படிக்கும் முத்து சாயங்காலம் கடையில் போடும் கட்டிங் (டீச்சரிடம் சொல்லலாமா?).

புதன். வெயில்.
என் வீட்டுக்காரி சரோஜாவின் கால் கட்டைவிரல் கறுத்திருக்கிறது. நடவில் நத்தை ஓடு கிழித்ததாம். சர்க்கரை உடம்பு, வலி தெரியவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்து, துணி சுற்றி, என்னிடமே மறைத்திருக்கிறாள்.

வியாழன். மழை.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். வயலில் ஏன் செருப்பு போடவில்லை என்று கேட்டார்.
“சோறு போடுற மண்ணுங்க. அதுல செருப்போட எப்படிங்க இறங்குறது?” என்றாள் சரோஜா.
டாக்டர் கறுப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டார். திங்கள்வரை மருந்து. கோட்டைத் தாண்டினால் விரலைக் கட் பண்ணவேண்டும், பாதத்துக்கு ஏறினால் பாதத்தையே.

சனி. மூட்டம்.
வகுப்பில் வாசித்தேன். கட்டிங் வந்ததும் ஒரே சிரிப்பு. முத்து மட்டும், “டாக்டரு பண்ற கட்டை விட்டுட்டியே மாமா” என்றான். விளையாட்டாகத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு. விடாத மழை.
டாக்டர் போட்ட கோட்டைக் காணோம். சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பேனாவை எடுத்தேன்.
“பழைய இடத்துலயே போடுங்க.”
“பழைய இடம் எதுன்னு தெரியலையே சரோஜா.”
“உங்களுக்குத் தெரியும்.”
தெரியும். கறுப்பு முடிகிற இடத்தில்தான் போட்டேன். பழைய இடத்துக்கு மேலே, தாண்டாத மாதிரி. அவள் பார்த்தாள், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உடுத்தப் புடவை எடுத்துவைத்தாள்.
விரல் இருந்தாலும் போனாலும், அடுத்த வாரச் சொல்லை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் எழுதுவேன்.